ஐஸ் மேல் நடக்கப் போகிற பிள்ளைக்கு

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற பையன் ஜனவரியில் ஸ்காட்லாந்தில் இருக்கிற அபர்டீனுக்குப் படிக்கப் போகிறான். போன வாரம் அவன் அம்மா வந்து, "அண்ணாச்சி, நீங்க அந்தக் குளிர்ல இருந்துட்டு வந்தவிய. பிள்ளைக்கு என்னென்ன வாங்கிக் குடுக்கணும்னு சொல்லுங்க" என்று கேட்டாள். கம்பளி உள்ளாடை இரண்டு, நல்ல கையுறை, காதை மூடுகிற குல்லா, பூட்ஸை மட்டும் அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வாங்கிக்கொண்டு போக வேண்டியது கொஞ்சம்தான். தெரிந்துகொண்டு போக வேண்டியது நிறைய இருக்கிறது. அதை எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் போகிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

நான் திருநெல்வேலி சிந்துபூந்துறைக்காரன். குடிநீர்க் குழாய் வேலையில் 31 வருஷம் இருந்தேன். தாமிரபரணித் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுவதும், தெருத் தெருவாக வால்வு திறந்து விடுவதும், எங்கே கசிகிறது என்று ராத்திரி தேடுவதும்தான் என் பிழைப்பு. இரும்புக் கம்பியை நடுரோட்டில் ஊன்றி மறுமுனையைக் காதில் ஒட்டிவைத்தால் பூமிக்குள் குழாய் கசிகிற சத்தம் கேட்கும். அப்படித் தண்ணீரைக் காதால் பார்த்துப் பழகியவன் நான். ஓய்வு பெற்ற மறுவருஷம், 2010 நவம்பரில், மகளின் பேறுகாலத்துக்காக நானும் என் மனைவியும் ஸ்காட்லாந்து போனோம். மாப்பிள்ளைக்கு அபர்டீனில் வேலை. வீடு அங்கிருந்து சுமார் 40 மைல் தள்ளி, ஹன்ட்லி என்கிற சிற்றூரில். எங்கள் பெட்டியில் கருப்பட்டி, சுக்கு, உளுந்து, நல்லெண்ணெய், பேறுகால மருந்துப் பொடி எல்லாம் இருந்தன. குளிருக்கென்று கொண்டுபோனது ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர்.

நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. விடியற்காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனால் துண்டு லேசாக ஈரமாகும், அவ்வளவுதான். புல்லில் நிற்கிறதும் பனி, மலையை மூடுகிறதும் பனி, இமயமலையில் இருப்பதும் பனி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அங்கே அது போதாது. வானத்திலிருந்து பஞ்சாக விழுவது ஒன்று. மிதிபட்டு இறுகியது இன்னொன்று. உருகி மறுபடி கண்ணாடியாக உறைந்தது வேறொன்று. விழுவதைப் பனி என்கிறேன், உறைந்ததை ஐஸ் என்கிறேன். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் அங்கே காலூன்றிவிடுவான்.

நவம்பர் கடைசி வாரத்தில் விழ ஆரம்பித்தது. முதல் நாள் ஊரே அழகாக இருந்தது. சத்தமே இல்லை. என் மனைவி ஜன்னலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் அந்த அழகு அலுத்துவிட்டது. பத்தாம் நாள் வாசல் கதவைத் திறக்கவே மனசு வரவில்லை. விடிவது காலை எட்டே முக்காலுக்கு, மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். மைனஸ் 10-க்குக் கீழே போன ராத்திரிகள் பல. டிசம்பர் நடுவில் கொஞ்சம் இளகிவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டு கிறிஸ்துமஸ் வரை விடவில்லை. நூறு வருஷக் கணக்கில் பிரிட்டனுக்கு அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் வந்ததில்லை என்று பின்னால் சொன்னார்கள். அதற்கு முந்தின குளிர்காலமும் கடுமையானதுதான். 2010 ஜனவரியில் வடக்கே ஆல்ட்னஹாரா என்கிற ஊரில் மைனஸ் 22.3 வரை இறங்கியிருந்தது. அதனால் எங்கள் தெருக்காரர்கள் அந்த வருஷம் தயாராகத்தான் இருந்தார்கள்.

அந்தத் தயாரிப்பைத்தான் நான் சொல்ல வேண்டும். தெருமுனையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே உப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் வெள்ளைவெளேரென்று குவித்து வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது உப்பு என்றே தெரியவில்லை. பூமிக்கடியில் வெட்டியெடுக்கிற பழுப்பு நிறக் கல்லுப்பு, செங்கல் ஜல்லி மாதிரி இருந்தது. பொது நடைபாதைக்கும் ரோட்டுக்கும் யார் வேண்டுமானாலும் அள்ளிப் போடலாம். உப்பு கரைந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது, இன்னும் கீழே போனால்தான் உறையும். அதுதான் சூட்சுமம். ஆனால் மைனஸ் 10 பக்கம் போய்விட்டால் உப்பின் ஜம்பம் பலிக்காது. அப்போது மணலோ சாம்பலோ தூவிக் காலுக்குப் பிடிமானம் கொடுக்க வேண்டியதுதான்.

எதிர் வீட்டு மூதாட்டிதான் எனக்குச் சாம்பலைக் காட்டினார். எண்பது வயதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். கணப்பில் எரிந்த சாம்பலைத் தினமும் ஒரு தகர வாளியில் எடுத்து வைத்து, காலையில் தன் படியிலும் அடுத்த வீட்டுப் படியிலும் கோலப்பொடி மாதிரி விரல் இடுக்கில் விட்டு இழுப்பார். அவர் பேச்சு மாப்பிள்ளைக்கே சரியாகப் புரியாது. அந்தப் பக்கத்து வட்டார வழக்கு அது, டோரிக் என்பார்கள். பார்த்தவுடன் "ஃபிட் லைக்?" என்பார். நாம் "சொகமா இருக்கீயளா?" என்று கேட்கிற மாதிரி. 1947-ம் வருஷத்துக் குளிர், 1963-ம் வருஷத்துக் குளிர் எல்லாம் அவருக்கு நேற்று நடந்த மாதிரி. அதே மாவட்டத்தில் இருக்கிற பிரேமர் என்கிற ஊரில் 1895-லும் 1982-லும் மைனஸ் 27.2 வரை போயிருக்கிறது. நாம் தாமிரபரணியில் வந்த 92-ம் வருஷ வெள்ளத்தைச் சொல்கிற மாதிரி அவர்கள் அந்த வருஷங்களைச் சொல்வார்கள்.

அவருடைய அடுக்களை அலமாரியை ஒரு நாள் திறந்து காட்டினார். ஓட்ஸ், டின்னில் அடைத்த சூப், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பேட்டரி ரேடியோ, இரண்டு பிளாஸ்க், சுடுதண்ணீர்ப் பை. அக்டோபரிலேயே எல்லாம் அடுக்கிவிடுவாராம். நம் வீடுகளில் சித்திரையில் வற்றலும் வடகமும் போட்டு மழைக்காலத்துக்கு எடுத்து வைப்பார்களே, அந்தக் கை அது. பார்த்த உடனே என் மனைவிக்கு அவரைப் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே சுக்குக் காப்பி போட்டு, கருப்பட்டி தட்டிப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஒருத்திக்குத் தமிழ் மட்டும், இன்னொருத்திக்கு டோரிக் மட்டும். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள்.

இப்போது விழுந்த கதை. பனி கொட்டுகிற நாளில் அநேகமாக யாரும் விழுவதில்லை, கால் புதையும், அவ்வளவுதான். பகலில் கொஞ்சம் வெயில் அடித்து உருகி, சாயங்காலம் மறுபடி உறையும் பாருங்கள், அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி நிரம்பும். அந்த ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. கீழே இருக்கிற தார் ரோடு அப்படியே தெரியும், ஈரமாக இருக்கிறது என்றுதான் நினைப்போம். ஒரு நாள் நாலு மணிக்குக் குப்பைத் தொட்டியை எடுத்து வைக்கப் போனேன். கால் போனதே தெரியவில்லை. கையை ஊன்றியதில் இடது மணிக்கட்டு வீங்கி, பன்னிரண்டு நாள் கட்டோடு இருந்தேன்.

கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் அதே இடத்தில் போய் நின்று பார்த்தேன். மேலே கூரையின் தூம்பில் ஓர் இணைப்பு விட்டிருந்தது. பகலில் உருகிய தண்ணீர் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக நடைபாதையில் விழுந்திருக்கிறது. சாயங்காலம் அங்கே மட்டும் ஒரு முறம் அகலத்துக்குக் கண்ணாடி. மாப்பிள்ளையிடம் சொல்லி ஏணி போட்டு அந்த இணைப்பை அடைத்தோம். அதற்கப்புறம் தெருவில் எல்லா வீட்டுத் தூம்பையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கே சொட்டுகிறதோ அங்கே சாயங்காலம் ஐஸ் இருக்கும். நெல்லையில் கசிவு பார்த்த அதே கண்தான், ஊர் மட்டும் வேறு. மூன்று வீடுகளில் சொல்லிச் சரி பண்ண வைத்தேன்.

நடைக்கும் ஒரு முறை உண்டு. எட்டிப் போடக் கூடாது. பாதத்தை முழுசாகப் பதித்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, சின்னச் சின்னதாக வைக்க வேண்டும். கையைப் பைக்குள் விடவே கூடாது. சேறு மிதித்து நாற்று நடுகிறவர்கள் நடப்பதைப் பார்த்திருந்தால் புரியும். மூதாட்டி இன்னொன்றும் சொல்லித் தந்தார்: பூட்ஸுக்கு மேலே பழைய கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். கம்பளி ஐஸைக் கவ்விப் பிடிக்கும். நியூசிலாந்தில் டனிடின் நகரத்துச் சரிவில் ஆட்களை நடக்கவிட்டு இதைச் சோதித்து, வழுக்கல் குறைகிறது என்று எழுதியிருக்கிறார்கள் என மகள் பின்னால் படித்துக் காட்டினாள். மூதாட்டிக்கு அந்தச் சோதனையெல்லாம் தேவைப்படவில்லை.

வாசல் பனியை வழிக்கிற வேலையும் அப்படித்தான். யாரும் மிதிப்பதற்கு முன்னால் வழித்துவிட வேண்டும். மிதிபட்டால் இறுகி, அப்புறம் கடப்பாரைதான். சுடுதண்ணீர் ஊற்றிக் கரைக்கலாமே என்று நானே முதலில் நினைத்தேன். ஊற்றினால் அரை மணி நேரத்தில் அந்தத் தண்ணீரே உறைந்து, இருந்ததைவிட மோசமாகும். கார் கண்ணாடியில் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

சரி, குழாய்க்கு வருகிறேன். இதைத்தான் பையன் முதலில் படிக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் மாடிக் குளியலறையில் தண்ணீர் வரவில்லை. அடுக்களையில் வந்தது. திருகினால் காற்றுச் சத்தம் கூட இல்லை. நம்மூரில் என்றால் வால்வு அடைத்திருக்கும் என்போம். டார்ச்சை எடுத்துக்கொண்டு பரண் மேல் ஏறினேன். கூரை ஓரமாகப் போகிற செம்புக் குழாய், மேலே சுற்றியிருந்த பஞ்சு உறை ஒரு முழ நீளத்துக்கு நழுவிக் கிடந்தது. அந்த ஒரு முழம் மட்டும் மேலெல்லாம் வெள்ளைத் துகள் பூத்து, தொட்டால் விரல் ஒட்டியது. அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குழாய் சாதாரணமாக இருந்தது. விரல் நுனியால் தட்டினேன். மற்ற இடத்தில் கொஞ்சம் ரீங்காரம் இருந்தது. உறைந்த இடத்தில் மரத்தில் தட்டுகிற மாதிரி மொத்தென்று நின்றது.

தண்ணீர் உறைந்தால் ஊதும். பத்து லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட பதினொரு லிட்டர் இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் குழாயைக் கிழிக்கும். கிழிந்தது அப்போது தெரியாது, ஐஸே அடைப்பாக நிற்கும். இளகும்போதுதான் வீடு நனையும். அதனால் முதல் வேலை, வீட்டுக்குள் வருகிற தண்ணீரை நிறுத்துகிற வால்வை, அதாவது ஸ்டாப் காக்கை, அடைப்பது. பெரும்பாலும் அடுக்களைத் தொட்டிக்குக் கீழே இருக்கும். இரண்டாவது, குளியலறைக் குழாயைத் திறந்து வைப்பது. அப்புறம், திறந்த குழாய் இருக்கிற பக்கத்திலிருந்து உறைந்த இடத்தை நோக்கி மெல்ல மெல்லச் சூடு காட்டுவது. மகளின் தலைமுடி உலர்த்துகிற மெஷினை வைத்துக் காட்டினேன். நடுவில் காட்டினால் உருகின தண்ணீருக்கு இரண்டு பக்கமும் அடைப்பு, போக வழி இருக்காது. நெருப்பைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. முக்கால் மணி நேரம் ஆனது. கீழே குழாய் ஒரு தரம் இருமியது, அப்புறம் கொட்டியது. என் மனைவி கீழேயிருந்து "வந்துட்டு, வந்துட்டு!" என்று கத்தினாள். ஆயிரம் தெருவுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் மாதிரி எதுவும் என் காதில் விழுந்ததில்லை.

இன்னொரு தொல்லை பாய்லர். வீட்டைச் சூடாக்குகிற பாய்லரிலிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் போகும், உள்ளே சேருகிற கழிவு நீரை விட. அது விரல் பருமன்தான், முதலில் அதுதான் உறையும். உறைந்தால் பாய்லர் குளுகுளுவென்று சத்தம் போட்டுத் தானாக நின்றுவிடும். பாய்லரே கெட்டுவிட்டது என்று எல்லோரும் பயந்து ஆளுக்குச் சொல்லி அனுப்பி, ஆள் வர நாலு நாள் ஆகும் என்று போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்டன் முழுக்க அந்த டிசம்பரில் இதே கதை. வெதுவெதுப்பான தண்ணீரை அந்த வெளிக் குழாய் மேல் ஊற்றினால் போதும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். ஒற்றைக் கையில் கெட்டிலோடு எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்குப் போனேன். ஊற்றிய தண்ணீர் தரையில் ஐஸாகாமல் உடனே சாம்பல் போட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 6-ம் தேதி கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் நடுவில் எம்8 ரோட்டில் வண்டிகள் சிக்கி, நூற்றுக்கணக்கான பேர் ராத்திரி முழுக்கக் காருக்குள்ளேயே கிடந்தார்கள். அந்த வாரக் கடைசியிலேயே போக்குவரத்து அமைச்சர் ஸ்டுவர்ட் ஸ்டீவன்சன் பதவி விலகினார். டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகளின் முகம் எனக்கு மறக்கவில்லை. அவளுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி 40 மைல்.

அன்று ராத்திரி மாப்பிள்ளை தன் காரில் வைத்த சாமான்: மண்வெட்டி, இரண்டு போர்வை, பிளாஸ்க், டார்ச், ஒரு மூட்டை மணல். பக்கத்து வீட்டுக்காரர் தன் பெரிய ஜீப்பை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். 19-ம் தேதி ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டினோம். உடுப்பு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். உப்பு தூவுகிற லாரி ஒன்று அபர்டீன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் மூன்று மணி நேரம் போனார்களாம். காலை பத்து மணிக்குப் பேரன் பிறந்தான் என்று போன் வந்தது. நான் வீட்டில் தனியாக இருந்தேன். யாரிடம் சொல்வது? தெருவைக் கடந்து மூதாட்டி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் வீட்டு ஜன்னல் திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். காலை ஒன்பது மணிக்கு அந்தத் திரை விலகியிருக்க வேண்டும். அது அந்தத் தெருவில் பேசி வைத்த ஏற்பாடு. விலகவில்லையென்றால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். தெருவில் தனியாக இருந்த நாலு பேருக்கும் இதே முறை. அவருக்கு மாத்திரை தீர்ந்தால் யார் வாங்கிவருவது, யாரிடம் மாற்றுச் சாவி இருக்கிறது என்றெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி மூன்று வீட்டில் ஒட்டியிருந்தார்கள். சர்க்கார் வண்டி பெரிய ரோட்டுக்குத்தான் வரும். சந்துக்குள் ஒரு விவசாயி தன் டிராக்டரில் தகடு மாட்டிக்கொண்டு வந்து தள்ளிவிட்டுப் போவார். மிச்சமெல்லாம் இந்தக் காகிதத்தை வைத்துத்தான் நடந்தது.

ஊருக்குத் திரும்பியதும் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். எங்கள் தெருவில் தனியாக இருக்கிற வயதானவர்கள், நடமாட முடியாதவர்கள், மாடி இருக்கிற வீடு, சாவி இருக்கிற இடம். எழுதியபோது தெருவில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023 டிசம்பர் 17-ம் தேதி மழை நிற்காமல் பெய்தபோது அதை எடுத்தேன். அன்றைக்கு ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோவில் முங்கினது பழகின விஷயம். அந்தத் தடவை ஆறு எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வருவதற்கு முன்னால் பதினோரு பேரை மாடி வீடுகளுக்கு ஏற்றிவிட்டோம். இப்போது அபர்டீன் போகிற பையன் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஒரு ஆச்சியை அவன்தான் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் பயணிகளுக்குப் பக்கத்து ஊரான புதுக்குடிக்காரர்கள் இருப்பதைப் போட்டுப் பொங்கிக் கொடுத்ததைக் கேள்விப்பட்டபோது எனக்கு ஹன்ட்லி தெருதான் ஞாபகம் வந்தது.

தம்பி, போய் இறங்கிய முதல் நாளே அறையில் ஸ்டாப் காக் எங்கே என்று கேள். திருகிப் பார், துருப்பிடித்து இறுகியிருந்தால் வீட்டுக்காரரிடம் சொல். பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஈரமாகத் தெரிகிற எந்த இடத்திலும் காலை அழுத்தி வைக்காதே.

மூதாட்டி எனக்குக் கொடுத்த காலுறை இன்னும் பெட்டியில் இருந்தது. சாம்பல் நிறம், அவர் கையால் பின்னினது, குதிகாலில் ஒரு ஓட்டை. என் மனைவி நேற்று அதைத் தைத்து, அலசி, மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறாள். மார்கழி வெயிலில் கம்பளி சீக்கிரம் காயவில்லை. நாளைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.